நிழலுக்குப் பூசை, தோலுக்குத் தீட்டு!

ஆடு செத்தால் அதன் தோல் தீட்டு. அந்தத் தோலை உரித்து, ஊறவைத்து, சுரண்டி, உலர்த்தி, உளியால் துளையிட்டு, சாயம் தீட்டி, விளக்கின் முன்னே நிறுத்திவிட்டால் அது இராமன்! வெள்ளைத் திரையில் அதன் நிழல் விழுந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டனர், கற்பூரம் கொளுத்தினர், தட்டிலே காசும் போட்டனர். ஆனால் தோலை உரித்தவனைத் தெருவுக்குள் விட்டதில்லை; பாவையை ஆட்டியவனுக்குத் திண்ணையில் இடம் தந்ததில்லை. நிழல் தெய்வம், தோல் தீட்டு. இரண்டுக்கும் இடையே இருப்பது எட்டு முழ வேட்டி ஒன்றே!

இந்த விந்தையை நாம் ஏட்டில் படித்ததுண்டு. மன்றத்தில் பேசியதும் உண்டு. கையில் தோலைப் பிடித்து உணர்ந்தது சென்ற கோடை விடுமுறையில்தான். விருத்தாசலத்தில் இளம் ஆசிரியர் சிலர் கூடி, பள்ளிப் பிள்ளைகளும் பொம்மைத் தொழிலில் இருக்கும் இளைஞர்களுமாக 22 பேரைச் சேர்த்து, பத்து நாள் தோற்பாவைப் பட்டறை ஒன்றை நடத்தினோம். பட்டறை என்றதும் கொல்லன் பட்டறை நினைவுக்கு வருகிறதா? வரட்டும். உளியும் சுத்தியும் ஓயாது தட்டிக்கொண்டிருந்த இடம்தான் அது. தென்கோடியிலிருந்து வந்த கூத்துக் குடும்பம் ஒன்று நம் பிள்ளைகளுக்கு ஆசானாக இருந்தது.

முதலில் ஊரில் ஒரு மண்டபம் தருவதாகச் சொன்னார்கள். இராமாயணப் பாவைகள் வருகின்றன என்றதும் அதன் பொறுப்பாளர் வாடகையே வேண்டாம் என்றார். இரண்டாம் நாள், ஊறிய தோல் நான்கு வாளிகளில் வந்து இறங்கியது. அவரே ஓடோடி வந்தார். இராமரைக் கொண்டுவரலாம், தோலைக் கொண்டுவரக் கூடாது என்பது அவரது கட்டளையின் சாரம். தோல் இல்லாமல் இராமர் எப்படி வருவார் என்று கேட்டோம். வேறெங்காவது வைத்துச் செய்து, காயவைத்து, வண்ணமும் பூசி, சுத்தமானபின் கொண்டுவரலாமாம்! எந்த நொடியில் அது சுத்தமாகிறது என்று நம் மாணவன் ஒருவன் கேட்டான். அதற்கு அவரிடம் விடை இல்லை. அன்று மாலையே வாளிகளைத் தூக்கிக்கொண்டு, தோழர் ஒருவரின் பொம்மைக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நல்லதாயிற்று! இந்தப் பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் கிடைத்திருக்காது. விருத்தாசலம் என்ற பெயரையே பாருங்கள். முதுகுன்றம் என்று தமிழன் இட்ட பெயர். பழமலை என்றும் வழங்கினான். முதுமையை விருத்தமாக்கி, குன்றை அசலமாக்கி, வடமொழிச் சட்டை மாட்டி நிறுத்திவிட்டனர். குன்றும் மாறவில்லை, மணிமுத்தாறும் மாறவில்லை. பெயர் மட்டும் பூணூல் பூண்டது. இன்று அந்த ஊரைப் பிற ஊரார் அறிவது பீங்கானால். பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை மூடிக் கிடக்கும் அடுக்குகளில் வெண்களிமண் உண்டு. முதுகுன்றத்திலே பீங்கான் தொழிற்பேட்டை உண்டு. அத்தொழிலைக் கற்பிக்கும் கல்விக்கூடமும் உண்டு. அகல் விளக்கு, கோப்பை, கொலுவுக்கு வேண்டிய கடவுளர் கூட்டம் அத்தனையும் அங்கே சூளையில் வெந்து வெளியேறுகின்றன.

பீங்கான் பொம்மை செய்யும் முறை தெரியுமா? களிமண்ணைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சும். அச்சின் சுவரை ஒட்டி மண் ஏடாகப் படியும். போதிய கனம் சேர்ந்ததும் நடுவிலுள்ள கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் பிள்ளையார்! உள்ளே வெற்றிடம். ஆகவே இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் பிள்ளையாரைப் பற்றிப் பிரசாரம் செய்ய வேண்டிய தொல்லை நமக்கில்லை. அவர் வயிற்றிலிருந்து மிச்சக் கூழை வாளியில் கவிழ்த்த கைகள் அவர்களுடையவை.

அந்தக் கைகள் தோலைத் தொடுமா என்பதுதான் நம் கவலையாக இருந்தது.

தமிழகத்தில் தோற்பாவைக் கூத்தைக் காத்துவந்தவர்கள் மண்டிகர் என்னும் மக்கள். வீட்டிலே மராத்தி கலந்த மொழி. விளக்கை ஏற்றி உட்கார்ந்தால் சரளமான தமிழ். பெயரின் கடைசியில் ராவ். 1676இல் ஏகோஜி தஞ்சையில் மராத்தியர் ஆட்சியை நிறுவினான். 1799இல் அவன் வழியினரின் ஆட்சியும், 1855இல் வெறும் பட்டமும் வெள்ளையரிடம் பறிபோயின. அந்த மராத்தியர் காலத்தை ஒட்டியே மண்டிகர் தமிழகத்துக்கு வந்தனர் என்பது ஆய்வாளர் கருத்து. மன்னன் மொழியைப் பேசியவர்கள்; ஆனால் மன்னனோடு மாளிகையில் வாழ்ந்தவர்கள் அல்லர். மதுரைக்கும் நெல்லைக்கும் குமரிக்கும், பாவைப் பெட்டியைச் சுமந்து, ஊர் எல்லையில் கூடாரம் அடித்து, பத்து நாள் ஆட்டம் முடிந்ததும் அடுத்த ஊருக்கு நடந்தவர்கள். பேராசிரியர்கள் அ.கா. பெருமாளும் மு. இராமசாமியும் இந்த மக்களின் பின்னே அலைந்து, கூத்தையும் கூத்தரின் வாழ்வையும் நூலில் ஏற்றினர். அவர்கள் அலையாதிருந்தால் நமக்கு இன்று பேசவே செய்தி இராது. அரண்மனைக்குக் கல்வெட்டு உண்டு. கூடாரத்துக்கு ஏது கல்வெட்டு?

இந்தக் கூத்தின் ஆற்றலை நேரில் கண்டவர் மறக்கமாட்டார். திரைக்குப் பின்னே ஒரே மனிதன். இராமன் பேச்சும் அவன் வாயில், சீதையின் அழுகையும் அவன் வாயில், இராவணன் முழக்கமும் அவன் வாயில். இரு கையிலும் பாவை. காலடியில் தாளக் கட்டை. பக்கத்திலே மனைவியோ மகளோ ஆர்மோனியம் வாசிப்பாள், பாடுவாள். மகன் மிருதங்கம் தட்டுவான். முற்காலத்தில் எண்ணெய் விளக்கு, இன்று மின்விளக்கு. ஐம்பது பாத்திரங்களை ஒரு தொண்டையில் அடக்கிய அந்தக் கலைஞனைச் சபையோர் பார்ப்பதே இல்லை. அவர்கள் பார்ப்பது நிழலை.

இனித் தோலுக்கு வருவோம். ஆட்டுத் தோலைச் செருப்புத் தோல்போல் பதனிடக் கூடாது. பதனிட்டால் ஒளி ஊடுருவாது. திரையில் கரிய நிழல்தான் விழும். பச்சைத் தோலை நீரில் ஊறவைத்து, ஒருபுறம் மயிரையும் மறுபுறம் ஒட்டியிருக்கும் ஊனையும் கத்தியால் சுரண்டி, நாற்புறமும் முளையடித்து இழுத்துக் கட்டி வெயிலில் காயவைக்க வேண்டும். காய்ந்தபின் அது கண்ணாடித் தாளைப்போல் மங்கலாக ஒளிவிடும். அதன்மேல் உருவத்தைக் கீறி, நகைக்கும் ஆடைக்கும் உளியால் சிறு சிறு துளையிட்டு, இரு பக்கமும் சாயம் தீட்டினால், விளக்கொளி சிவப்பாகவும் பச்சையாகவும் அதன் ஊடே வடிந்து திரையில் விழும். பிளந்த மூங்கிலை நடுவே கட்டினால் பாவை எழுந்து நிற்கும். இதில் மந்திரம் எங்கே? ஒளியும் தோலும் உழைப்பும்தான்!

முதல் வாளியைத் திறந்தபோது நாற்றம் கொட்டகையை நிறைத்தது. மறைப்பானேன், ஆசிரியர்களாகிய நாமே மூக்கைப் பொத்தினோம். 22 பேரில் ஏழு பேர் எழுந்து வெளியே போனார்கள். நாற்றம் தாங்காமல் போனவர் நால்வர். அவர்கள் சற்று நேரத்தில் திரும்பிவிட்டனர். மற்ற மூவர் போனது நாற்றத்துக்காக அல்ல. வீட்டிலே என்ன சொல்வார்கள் என்பதற்காக! மறுநாள் ஒரு பையனின் தந்தை வந்தார். தம் பிள்ளை படம் வரையட்டும், வண்ணம் தீட்டட்டும், ஆனால் சுரண்டும் வேலையை ‘அந்தப் பிள்ளைகள்’ செய்யட்டும் என்று நயமாகச் சொன்னார். எந்தப் பிள்ளைகள் என்று நாம் கேட்கவில்லை. கேட்காமலே புரிகிறதல்லவா, அதுதான் இந்நாட்டின் இழிவு. பத்தே நாள் பட்டறையில், முதல் நாளே, நான்கு வருணம் வாசலில் வந்து நின்றது! சுரண்டாதவர்க்கு உளி இல்லை என்று விதி செய்தோம். மூவரில் இருவர் திரும்பி வந்தனர். ஒருவன் வரவேயில்லை. அவனை அழைத்துவர நாம் இன்னும் முயன்றிருக்க வேண்டும்.

இது முதுகுன்றத்தின் குறை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். சபைகளிலே மிருதங்கம் முழங்குகிறதே, அதுவும் தோல்தான். மாடு, ஆடு, எருமை ஆகிய மூன்றின் தோலும் அதில் உண்டு. பட்டு விரித்து வைப்பார்கள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதற்குத் தோல் தேர்ந்து, வெட்டி, கட்டி, நாதம் கூட்டித் தருபவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகத்துக் கிறித்தவர். அவர்களின் வரலாற்றைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலாக 2020இல் எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தர இசைந்திருந்த சென்னை கலாக்ஷேத்திரா, விழா நெருங்கிய வேளையில் அந்த இசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறிடத்தில் நடந்தது. தோலின் ஓசைக்கு அரங்கம் உண்டு. தோலின் வரலாற்றுக்கு இல்லை! அதே தோலை வளையத்தில் இழுத்துக் கட்டிச் சேரியில் அடித்தால் அதன் பெயர் பறை, அடிப்பவனுக்குத் தீண்டாமை. தோலில் ஏது பேதம்? தொடுகிறவன் பெயரில்தான் பேதம்.

நிழலைக் காட்டித் தோலை மறைப்பது பழைய வித்தை. நிழற்பாவையின் பிறப்பைப் பற்றிச் சீனர் சொல்லும் கதை இது. கி.மு. 141 முதல் 87 வரை ஆண்ட ஹான் பேரரசன் வூ, காதலி இறந்ததால் கலங்கிக் கிடந்தான். ஷாவோ வெங் என்னும் மந்திரவாதி வந்தான். அவள் ஆவியை வரவழைப்பதாகச் சொன்னான். இரவிலே விளக்கேற்றி, திரை கட்டி, மன்னனைத் தொலைவில் அமரவைத்தான். திரையில் ஓர் உருவம் அசைந்தது, மன்னன் அழுதான், மந்திரவாதிக்குப் பட்டமும் பரிசும் குவிந்தன. கதையைச் சொல்பவர்கள் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். நாம் தொடர்வோம். அதே மந்திரவாதி பின்னொரு நாள், ஒரு மாட்டைக் காட்டி அதன் வயிற்றில் அதிசயம் இருக்கிறது என்றான். அறுத்துப் பார்த்தார்கள், எழுத்துள்ள பட்டுத்துணி கிடந்தது. மன்னன் எழுத்தை உற்றுப் பார்த்தான். தெரிந்த கையெழுத்து! எழுதிய துணியை மாட்டுக்குத் தின்னக் கொடுத்திருந்தது வெளிப்பட்டது. மந்திரவாதியின் தலை போயிற்று. திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்க மன்னனுக்குத் தோன்றவில்லை. கையெழுத்தைப் பார்க்கத் தோன்றிற்று. அந்த மட்டும் அவனைப் பாராட்டலாம்.

நம் வள்ளுவர் இந்த மயக்கத்தை நன்கு அறிந்தவர். கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை, நாணமற்றவர் நடமாட்டத்துக்கு உவமையாக்கியிருக்கிறார். பாவை ஆடுவது கயிற்றால் என்பதை ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்ட இனத்தில் பிறந்தவர்கள், கூத்து நடத்தினால் மழை பெய்யும் என்று நம்பியதும் உண்டு! வானம் பொய்த்த ஆண்டுகளில் மண்டிகரை வலிந்து அழைத்து இராமாயணம் ஆடச் சொன்ன ஊர்கள் இருந்தன. மழை பெய்தால் பெருமை இராமனுக்கு. பெய்யாவிட்டால்? கூலி குறையும், கூத்தாடிக்கு!

சாவகத்து நிழற்கூத்தில் ஒரு நல்ல வழக்கம். அங்கே சபையோர் திரையின் இரு புறமும் அமர்வர். ஒரு புறத்தார் நிழலைக் காண்பர். மறு புறத்தார் பாவையையும், விளக்கையும், ஆட்டுகிற கலைஞனையும் காண்பர். பின்னாலிருந்து பார்ப்பதால் கூத்தின் சுவை குன்றவில்லை. இந்தச் செய்தியை எடுத்துச் சொல்லி, நம் கொட்டகையிலும் பாதிப் பிள்ளைகளைப் பின்னே உட்காரவைத்தோம். முன்னே இருந்தவர்கள் அனுமன் தாவியதற்குக் கைதட்டினார்கள். பின்னே இருந்தவர்களோ, ஒரே மணிக்கட்டின் திருப்பலில் அனுமனைத் தாவவைத்து, அதே மூச்சில் குரலையும் மாற்றிய அந்த முதியவருக்குக் கைதட்டினார்கள். திரைக்குப் பின்னாலிருந்து கைதட்டல் கேட்பது தமக்கு அதுவே முதல்முறை என்று அவர் சொன்னார்.

ஆனால் எத்தனை காலத்துக்கு அனுமனையே தாவவைப்பது? இது நம் இளைஞர் கேட்ட கேள்வி. மண்டிகர் கூத்தில் நல்லதங்காள் உண்டு, அரிச்சந்திரன் உண்டு; எனினும் முதலிடம் இராமாயணத்துக்கே. பத்து இரவுகள் இராமன் புகழ்! அந்தப் பத்து இரவுகளிலும் இராமனோடு ஒட்டாத இருவர் இருக்கிறார்கள்: உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும். கோமாளிகள். எந்த இராமாயண ஏட்டிலும் இவர்கள் இல்லை. திடீரென்று வருவார்கள், உள்ளூர்ப் பெரிய மனிதனைக் கேலி செய்வார்கள், விலைவாசியைப் பேசுவார்கள். முந்நூறு ஆண்டுப் புராணத்தில் மக்கள் தமக்கென்று ஒதுக்கிவைத்த மூலை அது. எழுதிவைத்த வசனம் கிடையாது. ஆகவே தடுக்கவும் வழி கிடையாது.

எழுதிவைத்ததற்கு நேர்ந்த கதி நாமறிவோம். புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946இல் வெளிவந்தது. 1948இல் தடை செய்யப்பட்டது. தடை நீங்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திருவாரூர் தங்கராசு எழுதிய இராமாயண நாடகத்தை நடிகவேள் எம்.ஆர். ராதா மேடையேற்றினார். 1954இல் சென்னை மாநிலம் நாடக நிகழ்ச்சிச் சட்டம் கொண்டுவந்தது. நாடகப் படியைக் காவல் துறையிடம் காட்டு என்றது சட்டம். ராதா பலமுறை கைதானார். கைதாகித் திரும்பி வந்து மீண்டும் ஆடினார். அச்சட்டத்தின் கட்டுப்பாடுகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை எனச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013இல். ஐம்பத்தொன்பது ஆண்டுகள்! கதையை மாற்றிச் சொல்வதற்கு இவ்வளவு அச்சமா?

ஒரிசாவின் நிழற்கூத்துக்கு என்ன பெயர் தெரியுமா, தோழர்களே? ‘இராவண சாயா’, அதாவது இராவணன் நிழல். ஆடுவது இராமன் கதை, பெயர் இராவணனுக்கு! காரணம் சொல்கிறார்கள்: இராமன் ஒளி வடிவமாம், ஒளிக்கு நிழல் விழாதாம், எனவே இராவணன் பெயரை வைத்தார்களாம். நிழல் விழுந்தால்தானே உடம்பு? உடம்பிருந்தால்தானே ஆள்? இந்த வாதத்தைக் கேட்டு நம் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு கொட்டகைக் கூரையை அசைத்தது.

பழைய திரையில் புதிய கதை விழும் என்பதற்குச் சாவகம் சான்று. டச்சுக்காரரை எதிர்த்து இந்தோனேசியா விடுதலைப் போர் நடத்திய காலத்தில், 1947இல், மடியுன் நகரில் ‘வயாங் சுலு’ பிறந்தது. சுலு என்றால் தீப்பந்தம். கிரீடம் தரித்த இளவரசர் போனார்கள். உழவனும் படைவீரனும் நாட்டுத் தலைவர்களும் பாவையாக வந்தார்கள். மக்களுக்கு விடுதலைச் செய்தியைச் சொன்னது நிழல். இங்கே கன்னட நாட்டு பெல்லாரியில் பெளகல்லு வீரண்ணா காந்தியாரின் வாழ்வைத் தோற்பாவையில் ஆட்டினார். பாலக்காட்டுப் பக்கத்திலும் காந்தி கதை திரையேறியது.

பாலக்காட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே பகவதி கோவில்களில் கூத்துமாடம் என்று நிலையான மேடை உண்டு. பாடுவது நம் கம்பன் பாட்டு. மலையாள மண்ணில் தமிழ்க் குரல்! இரவெல்லாம், நாட்கணக்கில் ஆடுவார்கள். எதிரே பெரும்பாலும் ஆள் இராது. பார்ப்பவள் பத்ரகாளியாம், இராம இராவணப் போரை அவள் பார்க்கத் தவறிவிட்டாளாம், அவளுக்காக ஆட்டமாம். காலியான மைதானத்தைப் பார்த்துக் கம்பனைப் பாடிய அந்தக் கலையைக் கோவிலுக்கு வெளியே கொண்டுவந்தவர் கிருஷ்ணன்குட்டிப் புலவர். வெளியே வந்த பிறகுதான் மாணவருக்குப் பயிற்சி, பள்ளிகளில் பட்டறை, புதுக் கதை எல்லாம் வந்தன. அவர் மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த வீட்டுப் பெண்ணே, ஆண்கள் மட்டும் ஆடிய கூத்தில் பெண்கள் குழுவை உருவாக்கினார். ஆந்திரத்துத் தளவாய் சலபதி ராவுக்கு 2020இலும், கன்னட நாட்டு பீமவ்வாவுக்கு 2025இலும் அதே விருது. விருது பெற்றபோது பீமவ்வா தொண்ணூறு வயதைத் தாண்டியவர்.

பீமவ்வாவின் பெயரை நாம் கொட்டகையில் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் ஆசானின் மகள் ஆர்மோனியம் வாசிப்பவர். பத்து இரவுக் கதையும் அவருக்கு மனப்பாடம். தந்தை எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பதுகூடத் தெரியும். பாவையை மட்டும் சபையில் பிடித்ததில்லை. வழக்கம் இல்லை என்றார் முதியவர். நம் மாணவியர் எண்மர் பாவையைப் பிடித்துப் பழகுவதைப் பார்த்துக்கொண்டே அவர் இதைச் சொன்னதுதான் வேடிக்கை. ஊரார் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் அவருக்குத் தடையில்லை. தம் வீட்டுப் பெண்தான் வழக்கத்துக்குள் இருக்க வேண்டும்! நாம் அறிவுரை எதுவும் கூறவில்லை. பீமவ்வாவின் படத்தை மட்டும் காட்டினோம். ஏழாம் நாள் உளுவத்தலையன் அந்த மகள் கையில் இருந்தான். இராமனை இன்னும் தரவில்லை. போகட்டும், கோமாளிதானே உண்மை பேசுகிறவன்!

அந்த மகளுக்கு 13 வயதில் ஒரு பெண். ஆறு ஆண்டில் நான்கு பள்ளிக்கூடம் மாறியவள். குடும்பம் ஊர் விட்டு ஊர் போகும்போதெல்லாம் படிப்பு அறுந்து போகிறது. முந்நூறு ஆண்டுக் கலை என்று மேடையில் முழங்குகிறவர்கள், அந்தச் சிறுமியின் மாற்றுச் சான்றிதழுக்காக ஒரு கடிதம் எழுதித் தந்தால் கலை இன்னும் சற்று வாழும். எழுதும் வேலையை நாம் தொடங்கியிருக்கிறோம்.

இளைஞர் தமக்கென்று தேர்ந்தெடுத்த கதை வடலூர் வள்ளலார். வடலூர் நமக்கு அயலூர். 1867 மே 23இல் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார் இராமலிங்கர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சாதியும் சமயச் சண்டையும் பொய் என்றார். 1872இல் திறந்த சத்திய ஞானசபையில் ஒளிக்கு முன்னே கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என ஏழு திரைகள். ஒவ்வொன்றாக விலகினால்தான் ஒளி தெரியும். திரைக்கூத்துக்கு இதைவிட ஏற்ற கதை வேறென்ன? அவர் சொன்ன கடவுள் நமக்கு வேண்டியதில்லை. அவர் மூட்டிய அடுப்பு வேண்டும்.

அடுப்பு நெருப்புக்கு என்ன வண்ணம் என்பதில் அரைநாள் வழக்கு நடந்தது. சிவப்பு என்றனர் பள்ளிப் பிள்ளைகள். சூளைத் துளை வழியே பார்த்துப் பழகிய இளைஞர் ஒருவர், சிவப்பு அரைச்சூடு, நன்றாக எரியும் தீ மஞ்சளும் வெள்ளையுமாகத்தான் இருக்கும் என்றார். அது 1200 பாகை பீங்கான் சூளை, இது சோற்றடுப்பு என்று எதிர்வாதம் வந்தது. கடைசியில் அடியிலே மஞ்சள், நுனியிலே சிவப்பு.

அதைவிடப் பெரிய வழக்கை எழுப்பியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. வள்ளலார் புலாலை மறுத்தவர், கொல்லாமையைக் கொள்கையாகச் சொன்னவர். அவரை ஆட்டுத் தோலில் வெட்டலாமா என்று கேட்டாள். நம்மிடம் உடனே விடை இல்லை. தோலைத் தீட்டென்று ஒதுக்கக் கூடாது என்று எட்டு நாள் பாடம் நடத்தியவர்கள் நாம். இப்போது தோலை விலக்கினால் மண்டபத்தார் சிரிக்கமாட்டாரா? ஆனால் அந்தப் பெண் சொன்னது தீட்டு அல்ல. தொடுவதற்கு அவள் கூசவில்லை. அவள்தான் எல்லோரையும்விட மெல்லியதாகத் தோல் சுரண்டியவள். ஒரு மனிதரின் கொள்கையை அவர் உருவத்திலேயே மீறலாமா என்பதே அவள் கேள்வி. இரவு வெகுநேரம் பேசினோம். பசித்து வந்த மக்கள், சமைப்பவர், சாதி பேசும் பண்டிதர் எல்லோரும் தோலில். வள்ளலார் மட்டும் ஆமணக்கெண்ணெய் தடவிய கெட்டித்தாளில் என்று முடிவாயிற்று. எண்ணெய் ஊறிய தாள் ஒளியை விடும். தோற்பாவைகள் வண்ணமாய் ஒளிர, இவர் மட்டும் வெளுத்த வெள்ளையாய்த் தெரிந்தார். வெள்ளாடை உடுத்தியவர்தாமே, பொருந்திற்று.

பத்தாம் நாள் இரவு கொட்டகை வாசலில் கூத்து. ஏழு வண்ணத் துணிகளில் ஆறு விலகின. ஏழாவது கயிற்றில் சிக்கிக்கொண்டது. உளுவத்தலையன் வந்து, திறக்கும் உரிமை யாருக்கு என்பதில் வழக்குப் போலும் என்று சமாளித்தான். சிரிப்பு அடங்குமுன் துணியும் விழுந்தது. பின்னே மின்விளக்கும், வியர்வையோடு நின்ற 21 பிள்ளைகளும், கால்மேல் கட்டை கட்டிய முதியவரும் தெரிந்தார்கள். வராமற்போன பையனின் தந்தை கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். கூத்து முடிந்ததும் பின்புறம் வந்து, அடுப்புப் பாவையைக் கையில் வாங்கி, இது தோல்தானா என்று கேட்டார். தோல்தான் என்றான் ஒரு மாணவன். சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

தாள் வள்ளலார் அந்த ஒரே இரவில் விளக்குச் சூட்டுக்கு ஓரமெல்லாம் சுருண்டுவிட்டார். பழைய எக்ஸ்ரே படலத்தைக் கழுவி வெட்டினால் தாங்கும் என்கிறார் சூளைத் தோழர். அரசு மருத்துவமனைப் பக்கம் கேட்டுவர மாணவர் இருவர் போயிருக்கிறார்கள்.